தெருமரம் ‘ஆபத்து’ என்று எழுதப்படும்போது

கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. தெரு முக்கில் ஐம்பது வருடம் தாண்டிய ஒரு தூங்குமூஞ்சி மரம். புது ஓடை (வடிகால்) கட்ட இடைஞ்சல், கொம்பு ஒடிந்து விழும் என்று சொல்லி அதை வெட்டத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மரத்தை ஒட்டி வீடு இருப்பவரும் வெட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார். தெருவில் மற்றவர்களுக்கு அதில் சம்மதம் இல்லை. மரத்தைக் காப்பாற்ற வழி உண்டா, யாரிடம் போவது?

நான் இந்த மாவட்டத்துப் பேரூராட்சிகளில் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட கோப்புகளை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் சட்டத்துக்குப் போகும் முன் அந்த மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மரம் ஆபத்து என்று ஒரு மனு வந்துவிட்டால், அந்தத் தாள் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அதிகாரிக்கு உள்ளூர ஒரு உதைப்பு இருக்கும். நாளைக்கே கொம்பு விழுந்து யாராவது அடிபட்டால் ‘மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை’ என்று செய்தி வரும். நஷ்டஈட்டு வழக்கு வரும், துறை விசாரணை வரும். வெட்டிவிட்டாலோ ஒரு நாள் ஏச்சோடு போய்விடும். மரம் நின்றால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை, விழுந்தால் மொத்தப் பழியும் அவர் தலையில். அவர் முன்னால் இருப்பது வெட்டு என்று சொல்லும் ஒரே ஒரு தாள். நீங்கள் வெளியே நின்று கோஷம் போட்டால் அவர் பயம் குறையாது. அந்த மேசையில் இன்னொரு தாள் வைக்க வேண்டும். மரத்தை விட்டுவைத்தாலும் ‘நான் நடவடிக்கை எடுத்தேன்’ என்று அவர் கையெழுத்துப் போடக்கூடிய தாளாக அது இருக்க வேண்டும். நான் பார்த்தவரையில் பிழைத்த மரங்கள் பெரும்பாலும் அப்படித்தான் பிழைத்தன.

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். மாவட்டத்தின் மேற்கே ஒரு ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஓர் அயனி மரம், அடியில் ஒரு பொந்து. மனு வந்தது. போய்ப் பார்த்தேன், ஆனால் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ‘பட்டுப்போகும் நிலையில் உள்ளது, விழும் அபாயம் உள்ளது’ என்று எழுதிக் கொடுத்தேன். சில நாளில் வெட்டிவிட்டார்கள். தடியை அளவெடுக்கப் போன அன்று சாயங்காலம் மரத்து மூட்டில், அதாவது அடிமரத்தில், குனிந்து பார்த்தேன். பொந்து ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அதைச் சுற்றி மஞ்சள் வைரம், கல் மாதிரி. வைரத்துக்கு வெளியே வெள்ளைக்கட்டை வட்டம் முழுக்கப் பால் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து வடிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து நின்றார். “சாறே, பிள்ளையள் இதிலேதான் அயனிச்சக்கை பொறுக்கும்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்தது பொய் என்பது என் கண் முன்னால் வடிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு எந்த மரத்தையும் சுற்றி வந்து தட்டிப் பார்க்காமல் நான் எழுதியதில்லை. இன்றும் அந்த வழியாகப் போனால் என் கண் அந்த இடத்துக்குத்தான் போகும்.

சரி, உங்கள் மரத்துக்கு வருவோம்.

முதல் கேள்வி: அது நிற்கும் மண் யாருடையது? தெருவில் நிற்பதால் பேரூராட்சி மரம் என்று எல்லாரும் நினைப்போம், அது எப்போதும் சரியாக இருக்காது. நெடுஞ்சாலைத் துறையின் சாலை ஓரம் என்றால் மரம் அந்தத் துறையுடையது. சானல்கரை என்றால் நீர்வளத்துறை. கோயில் முன்னால் என்றால் அறநிலையத்துறை வரும், நம் ஊரில் பழைய பழக்கத்தில் தேவசம் போர்டு என்போம். வெறும் புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை. புறம்போக்கில் யாரோ ஒருவர் நட்டு 2சி பட்டா வாங்கிய காய்மரம் என்றால் அதன் பலனில் அவருக்கும் உரிமை இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சொல்லி வகைப்பாடு என்ன என்று கேளுங்கள். தன் மண்ணில் இல்லாத மரத்துக்குப் பேரூராட்சி போட்ட தீர்மானம் வெறும் வேண்டுகோள்தான், உத்தரவு ஆகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தப்பான அலுவலகத்து வாசலில் இரண்டு வாரம் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் மரம் லாரியில் ஏறிவிட்டது.

அடுத்து அனுமதி. 2021-இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு அமைத்தது. பொது இடத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவது அந்தக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டிய விஷயம். மன்றத் தீர்மானம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரர் மரம் அறுக்கும் வாளோடு வந்தால், “பசுமைக் குழு ஒப்புதல் எங்கே, வனத்துறை மதிப்பீடு எங்கே” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. குரலை உயர்த்தாமல் கேளுங்கள். வாள் பிடித்திருப்பவர் கூலிக்கு வந்தவர், அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

எழுத்தில் கொடுக்க வேண்டியதை உடனே கொடுங்கள். செயல் அலுவலருக்கு ஓர் ஆட்சேபணை மனு, அதன் நகல் ஆட்சியருக்கு, இன்னொரு நகல் மாவட்ட வன அலுவலருக்கு. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் போய்க் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு தீர்மான நகல், ஆய்வறிக்கை, ஓடையின் வரைபடம், மதிப்பீடு எல்லாம் கேளுங்கள். ஆனால் அதற்குப் பதில் வர 30 நாள் ஆகலாம். அதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் பதில் வரும்போது வெறும் மூடுதான் இருக்கும். ஆட்சேபணை மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்திருப்பதுதான் முக்கியம். நாளைக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ரிட் மனுவோடு போக நேர்ந்தால் வக்கீல் முதலில் கேட்பது அந்த நகலைத்தான். கிராம ஊராட்சியாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு, கிராம சபை. இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் நவம்பர் 1 நம் மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்த நாளும்கூட, விடுமுறை என்பதால் கூட்டம் சேரும்.

இனி, வெட்டச் சொன்ன அந்த வீட்டுக்காரர். அவரை மரத்தின் எதிரி ஆக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு மரம் விழும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரப்பர் தோட்டங்கள் வரிசையாகச் சாய்ந்தன. வாழை மொத்தமும் படுத்தது. கரண்டுக் கம்பங்கள் முறிந்து ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்கு முன் இங்கே யாரும் மரத்தைப் பார்த்து இவ்வளவு பயந்ததில்லை. அந்த ராத்திரி ஓட்டு வீட்டுக்குள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இன்று ‘வெட்டுங்கள்’ என்று மனு கொடுத்தால், அவர் கேட்பது நிம்மதியான தூக்கம். அதை வெட்டாமலே கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அவருக்கும் சட்டத்தில் வழி உண்டு என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விழுந்து ஆளுக்கு ஆபத்து வரும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. அந்த நடுவர் நமக்கு நாகர்கோவிலில் கோட்டாட்சியர், பத்மநாபபுரம் கோட்டத்துக்குச் சார் ஆட்சியர். பக்கத்து விளையிலிருந்து (தோட்டத்திலிருந்து) வீட்டுக் கூரை மேல் சாய்ந்து நிற்கும் தென்னைக்காக இங்கே மக்கள் அதிகம் நாடுவதும் இந்தப் பிரிவைத்தான். அதன் வாசகத்தைக் கவனியுங்கள்: மரத்துக்கு அகற்றுதல் மட்டும் இல்லை, முட்டுக்கொடுத்தல் என்றும் இருக்கிறது. கொம்பு குறைப்பதும் கம்பியிட்டுக் கட்டுவதும் அந்த வாசகத்துக்குள் வரும் என்று உங்கள் மனுவில் எழுதலாம்.

இப்போது மரம். தூங்குமூஞ்சி விஷயத்தில் நான் மழுப்ப விரும்பவில்லை. அது நம் ஊர் மரம் இல்லை, தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. சீக்கிரம் வளரும், குடை மாதிரி விரியும். கொம்புகள் தரைக்கு இணையாக நீண்டு போகும், அதன் கனத்தை அதுவே தாங்கிக்கொண்டு நிற்கும். இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊரில், இலை முழுக்க ஈரம் ஏறி நிற்கும்போது ஒரு காற்று வந்தால் கொம்பு ஒடிவது நடக்கக்கூடியதுதான். ஆக, மரம் நல்ல மரம் என்று மட்டும் வாதாடாதீர்கள். போய்ப் பாருங்கள். நானாக இருந்தால் இப்படிப் பார்ப்பேன்.

ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலையில் மூட்டைச் சுற்றி மெதுவாக நடங்கள். ஒரு பக்கம் மட்டும் மண் வில் மாதிரி வெடித்திருக்கிறதா, மேடு தட்டியிருக்கிறதா? இருந்தால் வேர் பிடி விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது நான் வெட்டச் சொல்பவர் பக்கம். அடித்தண்டிலோ வேரிலோ தட்டுத் தட்டாகக் காளான் பூத்திருந்தால் உள்ளே அழுகல் இருக்கிறது, எவ்வளவு என்று ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். மரம் சாய்ந்திருந்தால் உச்சியைப் பாருங்கள். சாய்ந்த தண்டு மேலே போகப் போக நிமிர்ந்து வளைந்திருந்தால் அது பல வருடத்துச் சாய்வு, மரம் அதற்கேற்பத் தன்னைக் கட்டிக்கொண்டுவிட்டது. தண்டு கம்பு மாதிரி நேராக ஒரேயடியாகச் சாய்ந்திருந்தால் அது புதுச் சாய்வு, அதுதான் பயப்பட வேண்டியது. மரச்சுத்தியலால் தட்டிப் பாருங்கள், உள்ளே பொந்து இருந்தால் சத்தம் மாறும். ஆனால் பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. வெளிக்கட்டை போதிய கனத்தில் சுற்றிலும் முழுசாக இருந்தால் மரம் குழாய் மாதிரி உறுதியாகவே நிற்கும். என் அயனி எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

இதெல்லாம் பார்த்துவிட்டு இன்னொன்றையும் பாருங்கள்: அந்த மரத்துக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? பேவர் கல் பதிக்கும்போது கான்கிரீட்டைத் தண்டோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள். பட்டை அந்த விளிம்பில் பிதுங்கி, உதடு மாதிரி மடிந்து கல்லைக் கவ்வியிருக்கும். குடிநீர்க் குழாய்க்கு ஜேசிபி தோண்டியபோது ஒரு பக்க வேர் மொத்தமும் போயிருக்கும். மரத்து வேரில் பெரும்பகுதி மேலே இரண்டடி மண்ணுக்குள்தான் ஓடுகிறது, ஆணிவேர் பாதாளம் வரை போய்ப் பிடித்திருக்கும் என்று நாம் நினைப்பது தப்பு. பிறகு டியூஷன் சென்டர் விளம்பரத் தகரத்தை நாலு ஆணி அடித்து மாட்டியிருப்பார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் வருடச் சட்டத்தில் மரமும் அடக்கம் என்பது பல கவுன்சிலர்களுக்கே தெரியாது. கடைசியில் லைன்மேன் கம்பிப் பக்கத்துக் கொம்புகளை மட்டும் அரிந்துவிட்டுப் போவார். எடை முழுக்க வீட்டுப் பக்கம் சாயும். இப்படி எல்லாம் செய்துவிட்டு, பத்து வருடம் கழித்து ‘மரம் ஆபத்தாக உள்ளது’ என்று எழுதுகிறோம். ஆபத்தை உண்டாக்கிய வேலைகளின் பட்டியலை, வருடத்தோடு, உங்கள் மனுவில் சேருங்கள். அடுத்த மரத்தையாவது அது காப்பாற்றும்.

லைன்மேன் விஷயத்தில் ஒரு சின்னத் தகவல். மின்சாரச் சட்டம், 2003-இன் 68-ஆம் பிரிவுப்படி கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை அகற்ற நிர்வாக நடுவரின் உத்தரவு வாங்கலாம். ஆனால் கம்பி வருவதற்கு முன்பே நின்ற மரம் என்றால் அதன் உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது. தங்கள் விளையின் பலாவையும் மாவையும் இழந்த பலருக்கு இது தெரிந்ததே இல்லை.

கொம்பு குறைப்பது எப்படி என்பதையும் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். ‘கொம்பு வெட்டவும்’ என்று மட்டும் உத்தரவு போனால் மொட்டையடித்துவிடுவார்கள். மொட்டையடித்த இடத்தில் சுற்றிலும் இளங்கொம்புகள் கொத்தாகக் கிளம்பும். அவை தாய்க்கட்டையோடு ஆழமாகப் பிணையாமல் மேலோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். சில வருடத்தில் அவை கனத்ததும் ஒடிந்து விழுவது அவைதான். காய்ந்த கொம்பு, வீட்டின் மேல் நீண்ட கொம்பின் நுனிப்பாகம், இவற்றைக் கணுவை ஒட்டி எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும். அதையும் ஒரே நாளில் எல்லாம் எடுக்காமல் இரண்டு வருடத்தில் பிரித்து எடுப்பது நல்லது.

ஓடை? அதற்காக ஒரு மரம்கூடப் போக வேண்டியதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிக அரிதாகத்தான் போக வேண்டும். வரைபடத்தில் ஓடை என்பது அளவுகோல் வைத்துப் போட்ட ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டை மரத்து மூட்டருகில் இரண்டடி தள்ளினால் தண்ணீர் கோபித்துக்கொள்ளாது, வாட்டம் சரியாக இருந்தால் போதும். பெரிய வேர் குறுக்கே வந்தால் அந்த இடத்தில் மட்டும் சுவரின் அடித்தளத்தை விட்டுவிட்டு, வேருக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி மேலே ஒரு லிண்டல் போட்டு மூடலாம். வேர் கீழே மூச்சுவிடும். நான் ஓய்வு பெறும் முன் ஒரு பூவரசுக்கும் ஒரு புன்னைக்கும் இப்படிச் செய்திருக்கிறேன். வேலை செய்த கொத்தனார் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே வேரைச் சுற்றிச் சாக்கு வைத்து ஈரம் பிடித்துக்கொண்டார். வேர் ஓடையை உடைக்கிறது என்ற புகாரும் பாதிதான் உண்மை. நல்ல சுவரை வேர் முட்டி உடைப்பது அபூர்வம். ஏற்கெனவே பூச்சு விட்டுப் போன இணைப்பில் ஈரம் கசியும், அதைத் தேடித்தான் வேர் உள்ளே வரும். கட்டிய லட்சணத்துக்கு மரத்தைத் தண்டித்து என்ன பயன்?

இந்தத் தகராறு நம் ஊரோடு நிற்பதில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகர மன்றம் 2012-இல் சாலைப் பராமரிப்பை 25 வருட ஒப்பந்தமாக ஏமி (Amey) என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தது. தெருமரங்களும் அதில் அடக்கம். மரத்தை வைத்துக்கொண்டே நடைபாதையைச் சரிசெய்யும் பொறியியல் வழிகள் தாளில் இருந்தன, நடைமுறையில் வெட்டுதான் நடந்தது. 2016 நவம்பரில் ரஸ்ட்லிங்ஸ் ரோடு என்ற தெருவில் விடியும் முன்னே போலீசோடு வந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி எட்டு மரங்களை வெட்டினார்கள். தடுத்த வயதான பெண்களைக் கைது செய்தார்கள். 17,500 மரங்களை மாற்றுவது ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது என்பது 2018-இல்தான் வெளியே வந்தது. சுதந்திர விசாரணை நடந்து 2023-இல் அறிக்கை வெளியானது, மன்றம் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் ஐயாயிரத்துக்கும் மேல் மரங்கள் போய்விட்டன. எனக்கு இதில் உறைப்பது ஒன்றுதான்: ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நின்று ‘இது நோய்ப்பட்டதா’ என்று மக்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, முடிவு எப்போதோ ஒப்பந்தத் தாளில் எழுதப்பட்டுவிட்டது. அதனால்தான் உங்களை ஓடையின் மதிப்பீட்டை முதலில் கேட்கச் சொல்கிறேன். மரம் வெட்டும் செலவு அதில் ஏற்கெனவே ஒரு வரியாக இருந்தால், ஆய்வு நடக்கும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

‘ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுவோம்’ என்பார்கள். நடட்டும், நல்லதுதான். ஆனால் அதை ஈடாக ஏற்காதீர்கள். ஐம்பது வருடத்து நிழலுக்குப் பத்துக் கன்று சமமாக வேண்டுமானால் அந்தப் பத்தும் ஐம்பது வருடம் பிழைக்க வேண்டும், அதுவும் அதே தெருவில். மேற்கு வங்கத்து ஜெசோர் சாலை மரங்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு வருடத்துக்கு 74,500 ரூபாய் என்று 2021-இல் கணக்குச் சொன்னது. நம் கோப்பில் வருவதோ தடி விலையும் விறகு விலையும் மட்டும்தான். மரத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் நடலாம் என்றாலும் யோசியுங்கள். ஆலும் அரசும் அதைத் தாங்கும், இவ்வளவு பெரிய தூங்குமூஞ்சிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆக, இந்த வாரம் செய்ய வேண்டியது. முதலில் அந்த வீட்டுக்காரரிடம் போங்கள், கும்பலாக வேண்டாம், இரண்டு பேர் போதும். எந்தக் கொம்பு அவரைத் தூங்கவிடவில்லை என்று அவர் வீட்டு முற்றத்திலேயே நின்று கேளுங்கள். அநேகமாக அது ஒன்றோ இரண்டோ கொம்பாகத்தான் இருக்கும். பிறகு அவர் கையெழுத்தும் சேர்ந்த ஒரே மனுவாகச் செயல் அலுவலருக்கு எழுதுங்கள். வனத்துறை ஆள் முன்னிலையில் மரத்தை ஆய்வு செய்யவும், வீட்டுப் பக்கத்துக் கொம்புகளைக் குறைக்கவும், மூட்டைச் சுற்றி உள்ள கான்கிரீட்டை மூன்றடி வட்டத்துக்கு எடுத்து மண் விடவும், ஓடையை இந்த இடத்தில் இரண்டடி தள்ளவும், அடுத்த வருடம் மீண்டும் ஆய்வு செய்யவும் கேளுங்கள். ஓடைக்கு ஒரு கை வரைபடம் போட்டு இணையுங்கள், மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் தேதியோடு எடுத்த படங்களும் வேண்டும். வெட்டச் சொன்னவரே கையெழுத்துப் போட்ட தாள் அது என்றால் அதிகாரி அதன் மேல் தைரியமாக எழுதுவார். ஆய்வில் மரம் உண்மையிலேயே விழும் நிலையில் இருக்கிறது என்று வந்தால், அதையும் ஏற்றுக்கொள்வதாக அந்த மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

கொம்பு குறைக்கும் வேலைக்கு ஒரு தேதி கேட்டு வாங்க மறக்காதீர்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன்பாக இருக்கட்டும்.